ஸ்வரத்தை எழுதிக் கேட்காதீர்கள்

போன மாதம் திருநெல்வேலி டவுனில் பிள்ளைகளுக்கான பாட்டுப் போட்டி ஒன்றுக்கு நடுவராக உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மோகன ராகத்தில் ஒரே கீர்த்தனை, அதற்குக் கல்பனாஸ்வரம், அதாவது கீர்த்தனையின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு ச ரி க என்று ஸ்வரங்களைத் தானாகக் கற்பனை செய்து பாடுவது. முதல் ஐந்து பேரும் ஒரே ஸ்வரத்தைப் பாடினார்கள். முடிக்கிற கோர்வை அதே, மூச்சு எடுத்த இடம்கூட அதே. யூடியூபில் கேட்டு மனப்பாடம் செய்தது. ஆறாவதாக வந்த பெண்ணிடம் கீர்த்தனையின் இரண்டாம் பகுதியைக் காட்டி, "அனுபல்லவியிலிருந்து எடுத்துப் பாடும்மா" என்றேன். அவ்வளவுதான். பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்ததும் அவளுடைய அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், அனுபல்லவிக்கும் ஒரு ஸ்வரத்த எழுதிக் குடுத்துருங்க. பிள்ள ரெண்டு நாள்ல மனப்பாடம் பண்ணிருவா. அவளா பாடணும்னா எப்படி? எங்க வம்சத்துல பாட்டே கெடையாது. அதுலாம் ரத்தத்துல இருக்கணும்லா?"

பாளையங்கோட்டையில் 22 வருஷமாக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ரத்தக் கதையைக் கேட்காத வருஷம் கிடையாது. இனிமேல் வாய்மூடி இருக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

மனோதர்மம், அதாவது தானாகக் கற்பனை செய்து பாடும் திறமை, ரத்தத்தில் வருவது கிடையாது. காதில் வருவது. நாயனக்காரர் வீட்டுப் பையன் பத்து வயதில் தோடி ராகத்தை இழுத்து வாசித்தான் என்றால், அவன் தொட்டிலில் கிடந்தபோதே அப்பாவும் சித்தப்பாவும் விடியற்காலையில் சாதகம், அதாவது பயிற்சி, செய்ததைக் கேட்டிருக்கிறான். நடக்கத் தெரிந்ததும் சுவாமி புறப்பாட்டில் சுருதிக்கு ஒத்து ஊதியிருக்கிறான். ராத்திரி முழுக்க வீதி வீதியாக ராகம் வாசிப்பதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான். அவன் கேட்டதில் நூறில் ஒரு பங்காவது உங்கள் பிள்ளை கேட்டிருக்கிறதா? முதலில் அதைச் சொல்லுங்கள், ரத்தத்தை அப்புறம் பார்க்கலாம்.

நம் நாகசுர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1921இல் பிறந்து 1964இலேயே போய்விட்டார். சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர்க்காரர். நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சேர்ந்து, குருவின் பக்கத்தில் நின்று கூடவே வாசித்து வளர்ந்தவர். குருவின் அந்தத் தோடி எப்படிப் பிறக்கிறது என்று ஒவ்வொரு நாளும் ஒரு முழம் தூரத்திலிருந்து கேட்டவர். அவருக்கு யாரும் தாளில் எழுதிக் கொடுக்கவில்லை.

சிலர் ரத்தத்தை விட்டுவிட்டு ஊரைப் பிடித்துக்கொள்வார்கள். ஆலாபனை, அதாவது பாட்டு வரி இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது எல்லாம் தஞ்சாவூர்க்காரர்களுக்கும் சென்னை சபாக்காரர்களுக்கும்தானாம். ராக ஆலாபனைக்கென்றே பேர் வாங்கிய விளாத்திகுளம் சுவாமிகள் எந்த ஊர்? நம் கரிசல் காடு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் இது. ராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசிக்கும் கலையைக் கோயில் வாசலில் காப்பாற்றியவர்கள் நாகசுரக்காரர்கள். அவர்களுக்குச் சரிசமமாக மேடை கொடுக்க இந்தச் சமூகம் எவ்வளவு தயங்கியது! வாய்ப்பாட்டுக்காரரைப் போல மேடையில் உட்கார்ந்து வாசிப்பதே அவர்களுக்குப் போராட்டமாக இருந்தது. ராஜரத்தினம் பிள்ளை தலை நிமிர்ந்து நின்று அந்த மரியாதையை வாங்கினார். அன்றைக்கு அவர்கள் பிறப்பைக் காட்டி ஒதுக்கினோம். இன்றைக்கு அதே பிறப்பைக் காட்டி, "அவர்களுக்குத்தான் வரும், நமக்கு வராது" என்கிறோம். இரண்டும் ஒரே பேச்சுதான். இன்று என் வகுப்பில் லோடு ஆட்டோ ஓட்டுபவர் மகளும் வங்கி மேலாளர் மகனும் ஒரே பாயில் உட்கார்ந்து பாடுகிறார்கள். அது சும்மா கிடைத்துவிடவில்லை. அந்தப் பாயிலிருந்து உங்கள் பிள்ளையை நீங்களே எழுப்பிவிடாதீர்கள்.

சரி, ஏன் எழுதித் தர மாட்டேன் என்கிறேன்? தாளில் எழுதினால் தோடியின் காந்தாரம் 'க' என்ற ஒற்றை எழுத்து. பாடும்போது அது ரிஷபத்துக்கும் (ரி) மத்யமத்துக்கும் (ம) நடுவே ஊஞ்சலாடும். அந்த ஆட்டம்தான் தோடி. நம் பக்கத்து எட்டயபுரத்தில்தான் 1904இல் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி அச்சானது. கமகம் என்கிற அந்த ஆட்டங்களுக்கெல்லாம் தனித்தனிக் குறி போட்ட பெரும் புத்தகம். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் அதனால் நமக்குத் தங்கின. கீர்த்தனைக்கு எழுத்து வேண்டும், நானும் எழுதித்தான் கொடுக்கிறேன். கல்பனை என்று பேர் வைத்ததை எழுதிப் படித்தால் அதில் பிள்ளையின் கல்பனை எங்கே?

பிள்ளை தானாகப் பாட வேண்டுமா? சின்னதாக ஆரம்பியுங்கள். மோகனம், எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, கொண்ட ஆதி தாளம், அதில் கடைசி இரண்டு அட்சரம் மட்டும். அட்சரத்துக்கு நான்கு வீதம் எட்டே ஸ்வரம். பாட்டு வரி தொடங்கும் இடமான எடுப்புக்குச் சரியாக வந்து சேர வேண்டும், வேறு நிபந்தனை கிடையாது. தினம் பத்து விதமாகப் பாடட்டும். ஏழு விதம் சப்பென்று இருக்கும், இருக்கட்டும். அப்போது பக்கத்து அறையிலிருந்து, "தப்பு தப்பு" என்று குரல் கொடுக்காதீர்கள். தயவுசெய்து. அந்த ஒரு குரலில் பயந்துபோய் வாயை மூடிக்கொண்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். தாளத்தைக் கையில் போடச் சொல்லுங்கள், மடியில் போனை வைத்துக்கொண்டு அல்ல. பையனுக்குக் குரல் உடைகிற வயது என்றால் பழைய சுருதிக்கு இழுக்காதீர்கள், ஆசிரியரைக் கேட்டுச் சுருதியை இறக்குங்கள். மாதம் ஒரு ராகம் போதும். இரண்டு மூன்று வித்வான்கள் பாடியதைக் கேட்கட்டும். ஒருவரையே கேட்டால் அவர் நகல்தான் வரும்.

அந்தப் பெண் இப்போது என்னிடம் வருகிறாள். எட்டு ஸ்வரத்தில்தான் நிற்கிறாள். போன வியாழக்கிழமை காந்தாரத்தில் ஒரு நொடி நின்று, யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு ஸ்வரப் பிடியைப் பிடித்து எடுப்புக்கு வந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அப்பா, "இது எந்த வீடியோல இருக்கு டீச்சர்?" என்றார்.

ஆனித் தேர் சமயத்தில் நெல்லையப்பர் கோயிலுக்கு எப்படியும் வருவீர்கள். நாயனம் வாசிப்பவருக்குப் பக்கத்தில் பிள்ளையை ஒரு அரை மணி நேரம் நிறுத்துங்கள். பஞ்சு மிட்டாய் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.