76-ம் 76-ம் சமம், ஆனால் கோப்பை ஒருவருக்குத்தான்

ஸ்பெயினின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான லா லிகாவின் 2006-07 பருவம் முடிந்தபோது ரியல் மாட்ரிட்டுக்கும் 76 புள்ளி, பார்சிலோனாவுக்கும் 76 புள்ளி. பார்சிலோனா 78 கோல் அடித்து 33 வாங்கியிருந்தது, மாட்ரிட் 66 அடித்து 40 வாங்கியிருந்தது. நெட் ரன் ரேட் பார்த்தே வளர்ந்த நமக்கு, இதில் என்ன குழப்பம், பார்சிலோனாதானே என்று தோன்றும். கோப்பையைத் தூக்கியது மாட்ரிட்.

ஸ்பெயினில் புள்ளிகள் சமமானால் முதலில் பார்ப்பது அந்த அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களைத்தான். மொத்த கோல் வித்தியாசம் அதற்கு அப்புறம்தான். அக்டோபரில் தன் மைதானமான பெர்னபேவில் மாட்ரிட் 2-0 என ஜெயித்தது, மார்ச்சில் பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நோவில் 3-3 டிரா. அந்த டிராவில் பார்சிலோனாவின் மூன்று கோலையும் அடித்தது 19 வயது மெஸ்ஸி, மூன்றாவது கடைசி நேரத்தில் வந்தது. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1 என்பதால், அது வராமல் போயிருந்தால் மாட்ரிட் 78, பார்சிலோனா 75 என்று முடிந்து இந்த விதியைத் தொடவே வேண்டியிருந்திருக்காது. கடைசி நாளில் பார்சிலோனா 5-1 என வெளுத்து வாங்கியது. ஐந்துக்குப் பதில் ஐம்பது அடித்திருந்தாலும் உதவியிருக்காது, ஏனென்றால் மயோர்காவிடம் இடைவேளை வரை 0-1 எனப் பின்தங்கியிருந்த மாட்ரிட் அதற்குள் 3-1 என ஜெயித்துவிட்டது.

இது நியாயமா? புள்ளியியல் கண்ணால் பார்த்தால் கொஞ்சம் இடிக்கிறது. 38 ஆட்டங்களில் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் ஓரளவு சமனாகிவிடும், இரண்டே ஆட்டங்களில் ஒரு சிவப்பு அட்டையோ காலில் பட்டுத் திரும்பிய பந்தோ எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஆனால் கோல் வித்தியாசமும் சுத்தமான அளவுகோல் இல்லை, கடைசி இடங்களில் கிடந்து கீழ்ப்பிரிவுக்கு இறங்கப்போகும் அணியைப் பிடித்து ஆறு கோல் போட்டு ஏற்றிக்கொள்ளலாம். எனக்கென்னவோ கோல் வித்தியாசம்தான் பரவாயில்லை என்று படுகிறது.

மூன்று அணிகள் சமமானால்தான் உண்மையான வேடிக்கை. அப்போது அந்த மூன்றும் ஏற்கெனவே தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் வைத்து ஒரு குட்டி லீக் பட்டியல் போடுவார்கள். ஒரு கணக்கு: அ அணி ஆ-வை ஒருமுறை வென்றது, இன்னொருமுறை டிரா, ஆ அணி இ-யை இரண்டு தடவையும் வென்றது, இ அணி அ-வை இரண்டு தடவையும் வென்றது. அ, ஆ மட்டும் சமமானால் அ மேலே. இ-யும் அதே புள்ளிக்கு வந்து சேர்ந்தால் குட்டி லீக்கில் ஆ-வுக்கு 7, இ-க்கு 6, அ-வுக்கு 4. முதலில் இருந்த அ கடைசிக்குப் போய்விட்டது, அதுவும் இ வேறு யாருடனோ ஆடிய ஆட்டத்தின் முடிவால்!

இன்னொன்று, இரண்டு அணிகளும் தங்களுக்குள் இரண்டு ஆட்டத்தையும் ஆடி முடிக்கும்வரை பட்டியலில் கோல் வித்தியாசம்தான் செல்லும். அதனால் பாதிப் பருவத்தில் உங்கள் அணி சமப்புள்ளியில் மேலே நிற்கிறது என்றால், முதல் ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.