மேல்முறையீட்டில் விடுதலை ஆனபின், பறிபோன வண்டியும் பணமும் எப்படித் திரும்பக் கிடைக்கும்?

அரூர் குற்றவியல் நடுவர் ஒருவருக்குத் தண்டனை கொடுத்து, அபராதம் போட்டு, அவருடைய டிராக்டரையும் அரசுடைமை ஆக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தருமபுரி அமர்வு நீதிமன்றம் அவரை விடுதலை செய்கிறது. டிராக்டர் தானாக வீடு வந்துவிடும் என்றுதான் குடும்பம் நினைக்கும். வராது, கேட்டு வாங்க வேண்டும். மேல்முறையீட்டு மனுவிலேயே அதைக் கேட்டிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், வழக்குச் சொத்தை என்ன செய்வது என்று சொல்வது 498-வது பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 452. சொத்து பற்றிய உத்தரவை 2 மாதத்துக்கு நிறைவேற்றக் கூடாது, மேல்முறையீடு போட்டுவிட்டால் அது முடியும்வரை நிறைவேற்றக் கூடாது என்கிறது இந்தப் பிரிவு. நடுவர் தீர்ப்புக்கு எதிராக அமர்வு நீதிமன்றம் போக 30 நாள், அமர்வு நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக உயர் நீதிமன்றம் போக 60 நாள் கெடு. ஆடுமாடு, அழுகும் பொருள்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவற்றை விற்றிருந்தால் அந்தப் பணத்தைக் கேட்கலாம். சொத்து மாறி வந்த பணமும் சொத்துதான் என்று அதே பிரிவு சொல்கிறது.

மேல் நீதிமன்றம் சொத்து உத்தரவை மாற்றவோ ரத்து செய்யவோ 500-வது பிரிவு அதிகாரம் தருகிறது. வண்டி அண்ணன் பெயரில் இருந்தால் அவரே இந்தப் பிரிவின்கீழ் தனியாக மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்பில் சொத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லையா? சான்றிட்ட நகல் வாங்கி, ஆர்.சி. புத்தகம், பறிமுதல் மகஜர் (வண்டியைப் பிடித்தபோது எழுதிய பதிவு) நகல், நீதிமன்றச் சொத்துப் பதிவேட்டு எண் ஆகியவற்றோடு கீழ் நீதிமன்றத்தில் மனு போடுங்கள். கட்டிய அபராதத்துக்கும் அப்படியே, ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருட்டு வழக்கில் ஆள் விடுதலை ஆனாலும், நகை அவருடையது என்று ஆகிவிடாது. அது யாருக்குச் சேரும் என்பதை நீதிமன்றம் தனியாகப் பார்க்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களும் அதிகம் ஏமாறுவது வனத்துறை வழக்கில். சித்தேரி மலைப் பக்கமோ தேன்கனிக்கோட்டைக் காட்டிலோ சந்தன மரத்தோடு வண்டி பிடிபட்டால், தமிழ்நாடு வனச் சட்டத்தின் 49-ஏ பிரிவின்படி வனத்துறையின் அதிகாரம் பெற்ற அலுவலரே வண்டியைப் பறிமுதல் செய்து உத்தரவிடலாம். குற்ற வழக்கு ஒரு பாதை, இது வேறு பாதை. நீதிமன்றத்தில் விடுதலை வாங்கினாலும் இந்த உத்தரவு அப்படியே நிற்கும். காரணம் கேட்கும் நோட்டீஸ் வந்த அன்றே பதில் தயாரிக்க வேண்டும், உத்தரவு வந்தால் உடனே அதற்கென உள்ள மேல்முறையீட்டுக்குப் போக வேண்டும். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தவர்களின் வண்டிகள் ஏலத்தில் போயிருக்கும். மதுவிலக்கு வழக்கில் சிக்கும் வண்டிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பொருளையே விற்றுவிட்டார்கள் என்றால்? குஜராத்தின் ஜூனாகத்தில் சுங்க அதிகாரிகள் பிடித்த லாரிகள், மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே விற்கப்பட்டன. பறிமுதல் பின்னர் ரத்தானது. பிறர் பொருளைக் கையில் வைத்திருந்த அரசு அதைக் காப்பாற்றக் கடமைப்பட்டது, இல்லையென்றால் மதிப்பைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் தீர்ப்பளித்தது. காவல் நிலையத்தில் நகை காணாமல்போன கர்நாடக வழக்கில் 1977-லும் அதே நிலைதான். மழையிலும் வெயிலிலும் நின்று துருப்பிடித்த வண்டிக்காகப் போராடுகிறவருக்கு இந்த இரண்டு தீர்ப்புகளும் கையில் இருக்க வேண்டிய ஆயுதம். வக்கீலிடம் பெயர் சொல்லியே கேளுங்கள்: மேமன் முகமது ஹாஜி ஹசன் வழக்கு, பசவ்வா வழக்கு.

வக்கீல் வைக்கப் பணம் இல்லாதவர்கள் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

வண்டியை எடுக்கும் நாளில் சேஸிஸ் எண், பேட்டரி, டயர் எல்லாவற்றையும் மகஜரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதாவது குறைந்தால், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திடும் தாளிலேயே அதை எழுதிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.