நனிசைவமும் ஒரு பந்தியும்

போன மாதம் ஒரு விருந்துக்குப் போயிருந்தேன். அழைப்பிதழில் 'நனிசைவ விருந்து' என்று அச்சடித்திருந்தார்கள். பக்கத்து இலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய பெரியவர் ஒருவர். பருப்புக்கு நெய் வரவில்லை, பொறுத்துக்கொண்டார். ரசச் சோறு முடிந்து தயிரும் வரவில்லை. பரிமாறிய பையனைக் கூப்பிட்டு, "ஏன் தம்பி, நல்ல சைவனுக்குத் தயிர்கூடக் கிடையாதா?" என்று கேட்டார். பையன் விழித்தான். பெரியவர் மேல் தப்பே இல்லை. அழைப்பிதழில் இருந்த சொல்லுக்கு அவர் சரியாகத்தான் பொருள் கொண்டார்.

அழைத்தவர்கள் சொல்ல வந்தது வீகன் உணவு, அதாவது பால், நெய் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத உணவு. அதற்குத் தமிழில் சிலர் வைத்த பெயர்தான் நனிசைவம். (வேகன் என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது சரக்கு ரயில் பெட்டி.) வீகன் என்ற சொல் பிறந்த கதை சின்னதுதான். 1944 நவம்பரில், இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்ற மரவேலை ஆசிரியரும் அவர் கூட்டாளிகளும் வெஜிடேரியன் சங்கத்திலிருந்து விலகித் தனிச் சங்கம் தொடங்கினார்கள். பாலும் முட்டையும் வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. அதைப் பேசப் பழைய சங்கத்தின் பத்திரிகையில் இடம் கிடைக்கவில்லை. டெய்ரிபான், பெனிவோர் என்றெல்லாம் பெயர்கள் பரிசீலனைக்கு வந்தன. கடைசியில் வெஜிடேரியன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் ஒட்டிப் புதுச்சொல் செய்தார்கள். உணவு, உடை, வேறு எதற்காகவும் விலங்கைச் சுரண்டுவதை முடிந்த மட்டும் தவிர்ப்பது என்று பிற்பாடு அந்தச் சங்கமே அதற்கு விளக்கம் எழுதியது. உடை என்பதையும் கவனியுங்கள்.

இப்போது நனிசைவத்துக்கு வருவோம். நனி அருமையான சொல், அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உறு, தவ, நனி மூன்றும் மிகுதியைக் குறிக்கும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. அப்படியானால் நனிசைவம் என்பது மிகுந்த சைவம். எதில் மிகுதி? சிவநெறியில் என்றால், மிகுந்த சைவனுக்குப் பால் விலக்கு அல்ல, பாக்கியம். பால், தயிர், நெய், கோமயம் (சாணம்), கோசலம் (சிறுநீர்) என்ற ஆனைந்தும் கொண்டுதான் சிவனுக்குத் திருமுழுக்கு. "ஆவினுக்கு அருங்கலம் அரன் அஞ்சாடுதல்" என்று அப்பர் பாடினார். பசுவுக்குப் பெருமையே சிவன் அந்த ஐந்தில் ஆடுவது. திருநீறே பசுஞ்சாணத்திலிருந்து வருகிறது. இதையெல்லாம் வேண்டாம் என்கிற ஒருவரைப் பிடித்து நனிசைவர் என்றால் அவரும் முழிப்பார், சைவரும் முழிப்பார். இன்னொரு பக்கம், கண்ணப்பர் காளத்தியில் இறைச்சி படைத்தே நாயனார் ஆனார்.

"சைவத்தில் இப்போது யார் சமயத்தைப் பார்க்கிறார்கள்? கறி இல்லாத சாப்பாடு, அவ்வளவுதான்" என்பார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். இஸ்லாமிய நண்பரும் ஓட்டலில் 'ஒரு சைவச் சாப்பாடு' என்றுதான் கேட்கிறார். ஆனால் கறி இல்லை என்பதுதான் பொருள் என்றால், இல்லாத ஒன்றை எப்படி மிகுதியாக்குவது? தட்டில் கறி இல்லையென்றால் இல்லை, அதில் நனியாக இல்லை என்பது எப்படி? தீவிர சைவம், சுத்த சைவம் என்பவையும் இதே கோளாறுதான். சுத்த சைவம் என்று பலகை மாட்டிய கடையில் நெய் ரோஸ்ட்டும் பன்னீர் பட்டாணியும் கிடைக்கும். பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியும் பாலை விலக்குவதில்லை. அதனால்தான் 2022-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீகன் உணவுக்கென்று தனி விதிகளும் தனிச் சின்னமும் கொண்டுவந்தது. அரசாங்கமே இரண்டும் வேறு என்றபிறகு நாம் ஒன்றை இழுத்து மற்றதாக்கப் பார்க்கிறோம்.

எதிர்க்கட்சியின் நல்ல வாதம் ஒன்று உண்டு. புதுச்சொல்லை வெஜிடேரியனின் தொடக்கமும் முடிவும் என்று வாட்சனே விளக்கினார், ஆகவே இதுவும் சைவத்தின் நீட்சிதானே என்பது அது. ஆங்கிலத்தில் இருக்கலாம். அங்கே தாய்ச்சொல்லில் சாமி கிடையாது.

வீகன்கள் பாலை விடுவது ஆசாரத்துக்காக அல்ல. மாடு கன்று போட்டால்தான் பால். அதற்காகத்தான் சினை ஊசி. பிறப்பதில் பாதி காளைக்கன்று. கிடாரி தங்கும், காளைக்கன்றுக்குத் தீவனம் போட யாருக்குக் கட்டும்? 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் மாட்டினத்தில் பெண் சுமார் 14.5 கோடி, ஆண் ஐந்து கோடிக்கும் குறைவு. மீதி எங்கே என்பதற்கு 'அடிமாடு' என்ற சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோல் திணித்து மாட்டின் முன் நிறுத்திப் பால் கறந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பட்டும் இப்படித்தான். புழுவோடு கூட்டை வேக வைக்காமல் காஞ்சிப் பட்டு இல்லை. வீகன் அதையும் உடுத்த மாட்டார். எந்தச் சைவ வீட்டுக் கல்யாணத்தில் பட்டு இல்லாமல் இருந்தது?

ஆகவே இது உண்ணாமை அல்ல, மறுத்தல். இந்த வினைச்சொல்லை வள்ளுவரே எடுத்து வைத்திருக்கிறார், அதிகாரத்தின் பெயரே புலால் மறுத்தல். தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால் விலைக்கு ஊன் தருவாரும் இருக்க மாட்டார்கள் என்ற 256-ஆம் குறளில், வாங்குகிறவனையும் அவர் விடவில்லை. இன்றைய வீகன்கள் கூட்டம் போட்டுச் சொல்வதும் இதுதான். கொள்கையை 'விலங்குப்பொருள் மறுப்பு' என்றால் பால், தேன், பட்டு, தோல் செருப்பு எல்லாம் அடங்கிவிடும், சாமியையும் இழுக்க வேண்டாம். நீளம் என்பீர்கள். நீளம்தான். ஆளைச் சொல்ல வீகன் என்றே இருக்கட்டும், பஸ்ஸும் காபியும் இருக்கிற மொழியில் அதுவும் இருந்துவிட்டுப் போகிறது. இலங்கைக்காரர்கள் சமயம் கலக்காமல் மரக்கறி உணவு என்கிறார்கள். இங்கே நமக்குக் கறி என்றாலே ஆடு, கோழி என்று ஆகிவிட்டதால் அந்த நல்ல சொல் நம் வாயில் ஒட்டவில்லை.

மொழிபெயர்ப்பாளர்களை விட்டால் இன்னும் மோசம். 'தாவர அடிப்படையிலான உணவு' என்கிறார்கள். அடிப்படையில் தாவரம், மேலே என்ன? தாவர உணவு என்றால் போதாதா? கூண்டில் அடைக்காத கோழியின் முட்டையை 'கூண்டு இலவச முட்டை' என்று எழுதியிருந்ததை ஒரு விளம்பரத்தில் பார்த்தேன். ஆங்கில 'ஃப்ரீ'யை அகராதியில் தேடி முதலில் கண்ணில் பட்டதைப் போட்டிருக்கிறார்கள். கூண்டில்லா முட்டை என்று ஒரு முட்டைக்கோழிப் பண்ணைக்காரரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

'தாவர அடிப்படையிலான பால்' அதைவிடத் தேவையில்லாதது. பால் என்றால் மடிப்பால் மட்டும்தான் என்று தமிழ் என்றும் சொன்னதில்லை. எருக்கம்பால், கள்ளிப்பால், தேங்காய்ப்பால் இருக்கின்றன, மதுரையில் பருத்திப்பால் விற்கிறார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2017-இல் சோயாப் பானத்தையெல்லாம் பால் என்று விற்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தகராறுக்கே இங்கே இடமில்லை. சோயாப்பால், ஓட்ஸ்பால் என்று ஒட்டி எழுதினால் முடிந்தது.

பாதாமில் மட்டும் எனக்கும் வழி தெரியவில்லை. நம் ஊரில் பாதாம்பால் என்றால் பசும்பாலில் பாதாம் போட்டது. மாட்டுப்பால் சேர்க்காத பாதாம்பால் இருக்கிறதா என்று தெருமுனைக் கடையில் கேட்டுப் பார்த்தேன். "அதுக்குப் பேரு பாதாம் தண்ணி சார்" என்றார் கடைக்காரர்.