ஐடல் என்றால் சிலை இல்லை

"ஜப்பானியச் சிலைக் குழு", "பிரபல சிலைப் பெண்", "சிலை ஆவதே அவள் கனவு." ஜப்பானியத் தொடர்களுக்குத் தமிழில் போடும் வசனவரிகளிலும், பாட்டுக் குழுக்களைப் பற்றி இணையத்தில் வரும் செய்திகளிலும் இந்த மாதிரித் தொடர்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்விட்டது. 'ஐடல்' என்ற சொல்லைத்தான் இப்படி மொழிபெயர்க்கிறார்கள். ஜப்பானில் அது மேடையில் ஆடிப் பாடும் இளம் கலைஞர்களுக்குப் பெயர். உயிரும் சதையுமாக மேடையில் ஆடிப் பாடுகிற பதினேழு வயதுப் பெண்ணைச் சிலை என்று எழுதுகிறோம். எழுதியவருக்கும் உறுத்தவில்லை, திருத்தியவருக்கும் உறுத்தவில்லை. புதிதாக ஒரு நாட்டில் இப்படி ஒரு குழு தொடங்கினால் "சிலைக் குழு ஏவப்பட்டது" என்றுகூட எழுதுகிறார்கள். ஏவுவதற்கு அது ராக்கெட் இல்லை.

சொல்லின் வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் 'எய்டோலோன்' என்றால் உருவம், நிழலுரு. அது லத்தீனுக்குப் போய், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, முதலில் வழிபடும் உருவத்தையும் பிறகு கூட்டம் கொண்டாடும் மனிதரையும் குறித்தது. ஜப்பானில் இந்தச் சொல் மக்கள் வாய்க்கு வந்தது 1964-ல். பாடகி சில்வி வார்த்தான் பாடிய பாட்டோடு ஒரு பிரெஞ்சுப் படம் 'ஐடலைத் தேடு' என்று பொருள்படும் தலைப்பில் அங்கே வெளியானது. படத்தைவிடப் பாட்டு ஓடியது, பாட்டோடு சொல்லும் ஓடியது. 1971-ல் தொலைக்காட்சியில் புதுமுகங்களைத் தேடும் போட்டி நிகழ்ச்சி தொடங்கியதும் 'அய்டொரு' (ஐடலை ஜப்பானியர் உச்சரிக்கும் விதம்) என்பது ஒரு தொழிலின் பெயராகவே ஆகிவிட்டது. வேர் பற்றி இவ்வளவு போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானிய மொழியில் வழிபடும் உருவத்துக்குத் தனிச்சொல் உண்டு: 'கூஸோ'. மத நூல்களில் உருவ வழிபாடு என்று வரும் இடத்தில் அதுதான் வரும். பாடி ஆடும் இளைஞர்களை யாரும் கூஸோ என்று சொல்வதில்லை. அவர்கள் அய்டொரு. அந்நியச் சொற்களுக்கென்று வைத்திருக்கும் கத்தகானா எழுத்தில்தான் அதை எழுதுகிறார்கள். ஆக, இரண்டும் வேறு பொருள் என்று ஜப்பானியர்களே பிரித்து, இரண்டு சொல்லாக வைத்திருக்கிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அய்டொருவை எடுத்துக்கொண்டு கூஸோவை மொழிபெயர்த்துத் தருகிறார்கள். நடுவில் இருக்கும் ஆங்கில அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததோடு வேலை முடிந்துவிட்டது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்திருந்தாலே போதும். கொரிய மொழியில் வழிபடும் உருவம் 'உசாங்', பாட்டுக் குழுவில் இருப்பவர் 'ஐடொல்'. இந்தோனேசிய மொழியில் கும்பிடும் சிலை 'பெர்ஹாலா', மனம் கவர்ந்தவர் 'இடோலா'. இந்த வேறுபாடு அங்கே மிகவும் முக்கியம். மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களாக இருக்கும் நாட்டில் ஒரு பெண்கள் குழுவை 'பெர்ஹாலா' என்று அழைப்பதை யாரும் கனவில்கூட நினைக்க மாட்டார்கள். 2024-ல் கோலாலம்பூரில் கேஎல்பி48 என்ற ஐடல் குழு தொடங்கியது. அந்த ஊரில் தமிழ் படிக்கும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் இருக்கிறார்கள். 'சிலை வணக்கம்', 'விக்கிரக ஆராதனை' என்ற தொடர்கள் அவர்கள் காதில் எப்படி விழும் என்று தெரிந்தவர் 'சிலைக் குழு' என்று எழுதவே மாட்டார்.

சீன மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், 'ஓஷியாங்' என்பது இரண்டுக்கும் வரும். ஆனால் பூங்காவில் நிற்கும் சிலைக்குச் சீனத்தில் வேறு சொற்கள் இருக்கின்றன. நமக்குச் சிலை என்றால் கடற்கரைச் சாலையில் நிற்பது, கோயிலில் இருப்பது, கடத்திக்கொண்டு போய் மீட்டு வருவது. வேறு பொருள் ஏற அங்கே இடமே இல்லை.

கேஎல்பி48 போன்ற குழுக்கள் வெளிநாட்டில் எப்படிக் கால் ஊன்றின என்பதைப் பார்த்தால் சிலை என்ற சொல் எவ்வளவு தூரம் தவறு என்று புரியும். இவற்றுக்கெல்லாம் மூத்த பெண்கள் குழுவான ஏகேபி48, 2005 டிசம்பர் 8 அன்று தோக்கியோவின் அகிஹாபராவில், ஒரு தள்ளுபடிக் கடைக் கட்டடத்தின் எட்டாவது மாடியில், 250 பேர் கொள்ளும் சின்ன அரங்கில் தொடங்கியது. முதல் நாள் பார்க்க வந்த பொதுமக்கள் 7 பேர். மேடைக்கு முன்னால் இரண்டு பெரிய தூண்கள் மறைக்கும். யார் முதலில் உள்ளே போவது என்பது குலுக்கலில் முடிவாகும். பாடலாசிரியர் அகிமோத்தோ யசுஷி வைத்த முழக்கம் 'நேரில் போய்ப் பார்க்கக்கூடிய ஐடல்'. தொலைக்காட்சியில் மட்டும் தெரிகிறவரைப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் முழு யோசனையும். குறுந்தகடு வாங்கினால் உள்ளே கைகுலுக்கும் சீட்டு இருக்கும். வரிசையில் நின்று, சில நொடி கைகுலுக்கி, ஒரு வார்த்தை பேசலாம். நேரம் முடிந்ததும் ரசிகரைத் தோளைப் பிடித்து நகர்த்த ஓர் ஊழியர் நிற்பார். அந்த வேலைக்கு 'ஹகாஷி' என்று பெயர். ஒட்டியிருப்பதை உரித்தெடுப்பது என்று பொருள்.

இந்த அமைப்பைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 2011 செப்டம்பரில் ஜகார்த்தாவுக்கு ஜேகேடி48 அறிவிக்கப்பட்டது. பிரபலமான பாடகிகளை யாரும் தேடவில்லை. அனுபவமில்லாத பெண்களைத் தேர்வு வைத்து எடுத்தார்கள். 2012 செப்டம்பரில் சுதிர்மான் சாலையில் உள்ள எஃப்எக்ஸ் வணிக வளாகத்தின் நான்காம் மாடியில் அவர்களுக்கென்று அரங்கம் திறந்தது. ஏகேபி48 பாட்டுகளை இந்தோனேசிய மொழியில் எழுதி அங்கே பாடினார்கள். அதே ஆண்டில் ஜப்பானிலிருந்து ஏகேபி48 உறுப்பினர் நாககாவா ஹருக்கா அங்கே மாறிப் போனார். மொழியைக் கற்றுக்கொண்டார். குழுவை விட்ட பிறகும் அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் தெரிந்த முகமாக இருந்தார். பாங்காக்கில் 2017-ல் பிஎன்கே48 வந்தபோது, வணிக வளாகத்துக்குள் கண்ணாடிச் சுவர் வைத்த ஒளிபரப்பு அறை ஒன்றைக் கட்டினார்கள். பெண்கள் உள்ளே உட்கார்ந்து நேரலையில் பேச, ரசிகர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். தாய்லாந்து ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர் 'மீன் தொட்டி'. 2018-ல் அவர்கள் பாட்டு ஒன்று நாடு முழுக்கப் பரவியது.

இங்கெல்லாம் விற்றது அழகான, அசையாத, எட்டாத உருவம் இல்லை. முதல் நாள் காலடி தவறி ஆடிய பெண் அடுத்த ஆண்டு நடுவில் நின்று ஆடுவதைப் பார்க்கும் ஆசைதான் விற்றது. முழுமையடையாத கலைஞர், அவரை வளர்த்துவிடும் ரசிகர், இரண்டும் சேர்ந்ததுதான் ஐடல். சிலை என்பது செதுக்கி முடித்தது.

சரி, சிலை தவறு என்று ஒப்புக்கொள்கிறவர்களும் இன்னொரு சொல்லைக் கொண்டுவருகிறார்கள். அதுதான் 'பாவை'. ஐடல் குழுவைப் 'பாவையர் குழு' என்கிறார்கள். சிலையைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் கேட்க நன்றாக இருக்கிறது. பாவை என்றால் உருவம், பாவை என்றால் இளம்பெண். கிரேக்க வேரும் பொருந்துகிறது, மேடையில் நிற்பவரும் பொருந்துகிறார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்துவிட்டதாக ஒரு மகிழ்ச்சி. எனக்கும் அந்தச் சொல்மீது பிரியம் உண்டு. ஆனாலும் இந்த இடத்துக்கு அது ஆகாது.

முதல் காரணம், ஆண்கள். ஜப்பானில் ஐடல் என்றால் பெண் மட்டும் இல்லை. ஸ்மாப், அராஷி என்று பல ஆண்டு கொடிகட்டிப் பறந்த ஆண் குழுக்களும் ஐடல் குழுக்கள்தான். அவர்களுக்கு என்ன பெயர் வைப்பது? ஒரு தொழிலின் பாதிப் பேரை வெளியே நிறுத்தும் சொல் கலைச்சொல்லாக முடியாது. பெண்களுக்குப் பாவை, ஆண்களுக்கு வேறொன்று என்று பிரித்தால், மூலத்தில் ஒன்றாக இருப்பதை நாமே இரண்டாக்குகிறோம்.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. பாவை என்றால் பொம்மை. தோற்பாவை, மரப்பாவை, பாவைக்கூத்து என்று சொன்னால் பின்னால் கயிறு பிடிக்கும் ஒருவர் நினைவுக்கு வருவார். இந்தக் குழுக்களைத் திட்டுகிறவர்கள் சொல்வதே அதுதான்: நிர்வாகம் ஆட்டுவிக்கிற பொம்மைகள் என்று. அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டா இல்லையா என்பது தனிப் பேச்சு. காதலிக்கக் கூடாது என்ற எழுதாத விதி, அதை மீறியவர்கள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலை, இதையெல்லாம் நான் ஒரு நாளும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் தீர்ப்பைப் பெயருக்குள்ளேயே ஒளித்து வைக்கக் கூடாது. பெயர் பெயராக இருக்கட்டும். கண்டிக்க வேண்டியதைத் தனி வாக்கியத்தில், கண்டிப்பவர் பெயரோடு எழுதுவோம்.

அப்புறம், பாவைக்குத் தமிழில் ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது. மார்கழியில் பாவை நோன்பு, மலையில் கொல்லிப்பாவை, கண்ணில் கருமணி, விளக்கேந்தி நிற்கும் பாவை விளக்கு. ஜகார்த்தா வணிக வளாகத்தில் குட்டைப் பாவாடையும் விளையாட்டுக் காலணியுமாக ஆடும் குழுவைப் பற்றிய செய்தியில் இந்தச் சொல் வந்தால், படிப்பவர் ஒரு நொடி ஏதோ பக்தி நிகழ்ச்சி என்று நினைப்பார். பழைய அழகான சொல்லை எங்கே கொண்டுபோய் ஒட்டலாம் என்று தேடுவது இப்போது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. மொழிமேல் அன்பு இருப்பதால்தான் அப்படிச் செய்கிறார்கள், அதை மதிக்கிறேன். ஆனால் படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்ற அன்பும் கூடவே இருக்க வேண்டும்.

'நட்சத்திரம்' ஆகாது. ஜப்பானியர்களே ஸ்டாரையும் ஐடலையும் பிரித்துத்தான் பேசுகிறார்கள். 'கனவுக்கன்னி' டி. ஆர். ராஜகுமாரி காலத்திலிருந்து எட்டாத தனி நடிகைக்கு உரிய பட்டம், நாற்பது பேர் கொண்ட குழுவுக்கு அது எப்படிப் பொருந்தும்? 'ஆதர்சம்' என்பது நாம் பின்பற்ற விரும்பும் மனிதர். ஐடலை ரசிகர் பின்பற்றுவதில்லை, கைதூக்கிவிடுகிறார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 'சுனாமி' என்ற ஜப்பானியச் சொல்லுக்கு வேர்ப்பொருள் துறைமுக அலை. 2004-க்குப் பிறகு தமிழில் 'ஆழிப்பேரலை' என்ற சொல் நன்றாக ஊன்றியது. அதில் துறைமுகமும் இல்லை, ஜப்பானிய வேரும் இல்லை. அந்தச் சொல்லை அமைத்தவர் நடந்ததைப் பார்த்தார், அகராதியைப் பார்க்கவில்லை. நல்ல தமிழாக்கம் இப்படித்தான் வரும். 'சுனாமி'யும் கூடவே தமிழாகிவிட்டது, அதனால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை. பிற நாட்டுச் சொல்லுக்கென்று திசைச்சொல் என்ற ஒரு வகையையே நம் இலக்கணம் வைத்திருக்கிறது.

அதே வழியில் போனால், ஐடலுக்கு நான் வைப்பது 'வளர்கலைஞர்'. வளர்பிறை மாதிரி வினைத்தொகை. வளர்ந்த, வளர்கிற, வளரும் மூன்றும் அதில் அடங்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. 'வளரும் கலைஞர்' என்று சபா மேடைகளில் புதியவர்களைச் சொல்வதோடு கொஞ்சம் குழம்பும் என்பது அதன் குறை. அதனால் செய்தியிலும் வசனவரியிலும் 'ஐடல்' என்றே எழுதி, முதல் தடவை வரும் இடத்தில் 'வளர்கலைஞர்' என்று விளக்கம் கொடுத்தால் போதும் என்பது என் முடிவு. 2004-ல் தொடங்கிய 'இந்தியன் ஐடல்' நிகழ்ச்சியை யாரும் 'இந்தியச் சிலை' என்று எழுதவில்லை. ஐடல் என்ற ஒலி அப்போதே நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது.

கூட வரும் சொற்களிலும் கவனம் தேவை. 'கென்க்யூசெய்' என்பதை எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்து 'ஆராய்ச்சி மாணவி' என்கிறார்கள். ஒரு அணியில் இன்னும் சேராமல் பயிற்சியில் இருப்பவர் அவர், 'பயிலுநர்' என்றால் சரி. 'சொத்ஸுக்யோ' என்று குழுவை விட்டு விலகுவதைச் சொல்கிறார்கள். பள்ளிப் படிப்பை முடிப்பதற்கான சொல்தான் அது, ஆனால் 'பட்டம் பெற்றார்' என்று எழுதினால் பல்கலைக்கழகச் செய்தி ஆகிவிடும். 'விடைபெற்றார்' என்பதே போதும். இதற்கு நேர்மாறாக, ரசிகர்கள் வாக்களித்து வரிசை போடுவதைப் 'பொதுத்தேர்தல்' என்று எழுதுவது சரியானது. நாடாளுமன்றத் தேர்தலுக்கு உள்ள அதே சொல்லைத்தான் 2009-ல் ஏகேபி48 வேண்டுமென்றே எடுத்து வைத்தது. 2014-ல் ஜகார்த்தாவிலும் 2019-ல் பாங்காக்கிலும் அந்தப் பெயரில்தான் நடந்தது. இதை 'வாக்கெடுப்பு' என்று அடக்கினால் மூலத்தின் துணிச்சல் போய்விடும்.

கடைசியாக, பிற ஊர்களில் தொடங்கும் குழுக்களைச் சொல்லும் 'சகோதரிக் குழு'. ஜப்பானில் இதற்குச் சொல்லும் 'ஷிமாய்' என்பதை அக்கா, தங்கை என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துத்தான் எழுதுவார்கள். நம்மிடமும் அந்த இரண்டு சொற்களும் தனித்தனியாக இருக்கின்றன. மூத்தது அகிஹாபராவில் இருக்கும்போது, ஜகார்த்தா, பாங்காக், மணிலா, கோலாலம்பூர் எல்லாம் தங்கைக் குழுக்கள். 2019-ல் தில்லிக்கும் மும்பைக்கும் அறிவித்து, நிலைபெறாமல் போன இரண்டும் தங்கைக் குழுக்களே. அடுத்து எந்த ஊரில் தொடங்கினாலும் "ஐடல் தங்கைக் குழு அறிமுகம்" என்று தலைப்புப் போடலாம்.