சேலத்து விளக்குகள் மறைந்தால் நடுவில் மலை

ஏற்காட்டில் லேடிஸ் சீட்டில் இருட்டிய பிறகு நின்றால் கீழே சேலம் முழுக்க விளக்குகளாகத் தெரியும். மலைக்கு அந்தப் பக்கமிருந்து சின்ன விமானத்தில் வருகிறவருக்கு அதே விளக்குகள்தான் எச்சரிக்கை. காட்டுச் சரிவில் வெளிச்சம் கிடையாது. அமாவாசை இருட்டில் மலை கண்ணுக்கே படாது. எதிரே மினுங்கிய ஊர் கீழிருந்து மறையத் தொடங்கினால் நடுவில் ஏதோ இருக்கிறது. மேகமாக இருக்கலாம், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையாகவும் இருக்கலாம். உடனே மேலே ஏறவோ திரும்பவோ வேண்டும்.

சேலத்தின் காமலாபுரம் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. மலையுச்சியோ 5,300 அடி. செஸ்னா போன்ற ஒற்றை எஞ்சின் சின்ன விமானம் நிமிடத்துக்கு 700 அடி ஏறினால் அதுவே நல்ல ஏற்றம். அந்தக் கணக்கில் உச்சி மட்டத்தை எட்டவே ஆறு நிமிடம் பிடிக்கும். அதற்குள் மலையே வந்துவிடும்.

சரி, மலையே இல்லாத இடத்தில்? அங்கே ஏமாற்றுவது காது. உள்காதின் அரைவட்டக் குழாய்களில் ஒரு திரவம் இருக்கிறது. சொம்பைச் சட்டென்று திருப்பினால் உள்ளே தண்ணீர் பின்தங்குவதுபோல, தலை திரும்பும்போது அதுவும் பின்தங்கும். மூளை அதை வைத்துத்தான் திருப்பத்தை உணர்கிறது. ஆனால் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் சில விநாடிகளில் திரவமும் கூடவே ஓட ஆரம்பித்துவிடும். நேராகப் போகிறோம் என்றே தோன்றும். மிக மெதுவாகத் தொடங்கும் திருப்பமோ தெரிவதே இல்லை. பகலில் அடிவானம் கண்ணில் பட்டுத் தவறைத் திருத்திவிடும். இரவில் அது இல்லை. சாய்ந்த விமானம் உயரம் இழக்கும். விமானி மூக்கை மட்டும் தூக்கப் பார்ப்பார். சுழற்சி இன்னும் இறுகும்.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 விமானிகளுக்கு வெளிக்காட்சியை மறைத்து ஓட்டச் சொன்னார்கள். பக்கத்தில் பயிற்றுநர் இருந்ததால் ஆபத்தில்லை. இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடிகளில். மூன்று நிமிடம்கூட இல்லை! 1999 ஜூலையில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், தானே ஓட்டிய விமானம் இரவில் கடலில் விழுந்து இறந்ததற்கும் இந்தத் திசைக்குழப்பமே காரணம் என்று விசாரணை சொன்னது.

அதனால்தான் இரவு ஓட்டப் பழகுகிறவருக்கு முதல் பாடம், உடம்பு சொல்வதை நம்பாதே, விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானக் கருவியைப் பார் என்பது. கேட்கச் சுலபம். காது ‘வலது பக்கம் சாய்கிறாய்’ என்று அடித்துச் சொல்லும்போது, கையை அசைக்காமல் அந்தக் கருவியை மட்டும் பார்த்திருப்பதற்குத்தான் அத்தனை மணிநேரப் பயிற்சியும்.