பகலில் அலுப்பு, இரவில் ஆர்வம்

மட்டக்களப்பில் உளவளத்துணை நாடி வரும் இளம் அரச உத்தியோகத்தர்கள் பலர், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து மனம் வெறுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். இரவில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், படுவான்கரையில் தகப்பனுக்கு வயல் உள்ள பிள்ளைகூட, 'ஹே டே' என்ற கைபேசிப் பண்ணை விளையாட்டில் 2 நிமிடத்தில் விளையும் கோதுமையை நடுச்சாமம் வரை அறுத்துக்கொண்டிருப்பதாகக் கூறுகிறார். ஆகவே, அலுப்புக்குக் காரணம் திரும்பச் செய்வது மட்டுமல்ல.

அந்த உத்தியோகத்தருடைய பகல் வேலையைப் பாருங்கள். பயனாளிகளின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம சேவையாளர் பிரிவு ஆகியவற்றைக் கணினியில் பதிந்து மாத முடிவில் அனுப்புகிறார். அடுத்த மாதம் அதே விபரம், நிரல்களின் ஒழுங்கு மாறிய வேறொரு படிவத்தில் மறுபடியும் கேட்கப்படுகிறது. முதல் பட்டியலை யார் பார்த்தார்கள், அதனால் எந்த வீட்டுக்கு என்ன கிடைத்தது என்பது அவருக்குத் தெரியவருவதேயில்லை. விளையாட்டிலோ அறுத்த கோதுமை உடனே களஞ்சியத்தில் சேர்கிறது. அடுத்து எதை விதைப்பது என்பதையும் அவரே தீர்மானிக்கிறார்.

நடத்தைப் பொருளியல் ஆய்வாளர் டான் ஏரியலியும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கூலிக்கு லெகோ துண்டுகளை இணைத்துப் பொம்மைகள் செய்தவர்களுள் ஒரு சாராரின் பொம்மைகள் மேசையில் அடுக்கி வைக்கப்பட்டன. மற்றச் சாராரின் பொம்மைகள் அவர்கள் கண்முன்னேயே கழற்றப்பட்டன. கூலி ஒன்றாக இருந்தும், முன்னவர்கள் சராசரியாக 10.6 பொம்மைகளையும் பின்னவர்கள் 7.2 பொம்மைகளையுமே செய்தார்கள். மருதமுனையில் கைத்தறி நெய்பவரும் நாள் முழுவதும் ஒரே அசைவைத்தான் செய்கிறார், ஆனால் நெய்த சாரத்தை யாரோ உடுத்தப்போகிறார் என்பது அவருக்குத் தெரியும்.

எந்த வேலைக்கும் நீங்களே அர்த்தம் கற்பித்துக்கொள்ளுங்கள் என்று பணியாளருக்குப் புத்தி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை; அது பாரத்தை அவர் தலையிலேயே ஏற்றுவதாகும். பட்டியலைக் கேட்கும் மேலதிகாரி, அது எதற்குப் பயன்பட்டது என்று இரண்டு வரி பதில் அனுப்பலாம், பயன்படாத படிவத்தை நிறுத்தியும் விடலாம். வீட்டார் கைபேசியைப் பறிப்பதால் பகல் வேலையின் வெறுமை தீர்ந்துவிடாது.

ஆயினும் விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல், மற்றெல்லாவற்றையும் பின்தள்ளி, வேலையும் உறவும் பாதிக்கப்பட்ட பின்னரும் அதைத் தொடரும் நிலை பொதுவாக 12 மாதங்கள் நீடித்தால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு அதை ஒரு கோளாறாகவே கொள்கிறது. அவ்வளவு காலம் காத்திராமல் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம், அல்லது 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு அழைக்கலாம்.