கரண்ட் வைக்க மறுத்த துறவி

நான் இயன்முறை மருத்துவர். கர்நாடகத்தின் பைலகுப்பே திபெத்திய அகதிகள் குடியிருப்பிலிருந்து என்னிடம் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் மூட்டு வலி, முதுகு வலிதான். தோள்பட்டை வலியோடு வந்த வயதான துறவி ஒருவருக்கும் வழக்கம்போலக் கரண்ட் வைக்க, அதாவது வலி குறைய லேசான மின்சாரம் செலுத்த, ஏற்பாடு செய்தேன். ஒயர் மாட்டிய ரப்பர் பட்டையைத் தோளருகே கொண்டுபோனதும் அவர் கை நடுங்கியது. மேலாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றுவிட்டார்.

1989 மார்ச்சில் திபெத்தின் தலைநகர் லாசாவில், சீன ஆட்சியை எதிர்த்துத் தெருவில் நின்றவர் அவர் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. மேசைமேல் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். ஜோகாங் கோயிலைச் சுற்றி ஓடும் பார்கோர் வீதி அது. மக்கள் நாள்தோறும் வலம்வரும் பாதை. 1987 செப்டம்பர் 27 அன்று திரெபுங் மடத்துத் துறவிகள் தடைசெய்யப்பட்ட பனிச்சிங்கக் கொடியோடு, அதாவது திபெத்தின் கொடியோடு, அங்கேதான் முழக்கமிட்டுச் சுற்றி வந்தார்கள். பிரதட்சிணமே போராட்டமாகிவிட்டது! 1989 மார்ச் 5 முதல் மூன்று நாள் நடந்த கிளர்ச்சியைச் சீன அரசு துப்பாக்கியால் அடக்கியது. அடுத்து வந்த ராணுவச் சட்டம் 1990 மே 1 வரை நீடித்தது. அப்படியும் 2008 மார்ச் 10 அன்று திரெபுங் துறவிகள் மறுபடி ஊர்வலமாக நடந்தார்கள்.

கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டதையும் மின்தடியால் தாக்கியதையும் சிறையிலிருந்து மீண்ட பலர் சொல்லியிருக்கிறார்கள். 33 ஆண்டுகளைச் சிறையிலும் உழைப்பு முகாமிலும் கழித்த திபெத்தியத் துறவி பால்தென் கியாத்சோ, 1992இல் தப்பி வந்தபோது அந்தச் சித்திரவதைக் கருவிகளையே கையோடு கொண்டுவந்து உலகுக்குக் காட்டினார். இதை நான் முன்பே படித்திருக்க வேண்டும். தோள் வலி என்றதும் வயதைத்தான் காரணமாக நினைத்தேன்.

இப்போது எந்தக் கருவியையும் முதலில் என் கையில் வைத்துக் காட்டுகிறேன். நோயாளியைக் கதவு தெரியும்படி உட்கார வைக்கிறேன். அவராகச் சொல்லும்வரை கதை கேட்பதில்லை. சக மருத்துவர்களுக்கு ஒன்று: மனம் நொறுங்கியதைத் திபெத்தியர்கள் ‘சோக்-லுங்’ என்பார்கள், உயிர்க்காற்று கலங்கிவிட்டது என்று பொருள். மொழிபெயர்ப்பவர் ‘காற்றுத் தொல்லை’ என்றதும் வாயு மாத்திரை எழுதி அனுப்பிவிடாதீர்கள்.

அந்தத் துறவிக்குக் கரண்டை விட்டுவிட்டு, குனிந்து நின்று கையை ஊசல்போல வட்டமாக ஆட்டும் பயிற்சி கொடுத்தேன். வலப்பக்கம் பத்து, இடப்பக்கம் பத்து என்றேன். வலமாகப் பத்து முடித்தவர் அடுத்த பத்தையும் வலமாகவே சுற்றினார். நான் திருத்தவில்லை.